நாணலுக்குள் எழுபத்தொருவர்

முக்கொம்பில் காவிரியைப் பிரிந்து, வழிநெடுக மணலை அள்ளக்கொடுத்தும் அணைதோறும் நீரை இழந்தும் இளைத்து வரும் கொள்ளிடம், சிதம்பரத்துக்குக் கிழக்கே உப்புக்காற்று முகத்தில் பட்டதும், இனி விரைந்து ஆவதென்ன என்று எண்ணியதுபோல் இரு கிளையாகப் பிரிந்து மெல்ல நடக்கும் இடத்தில், கோரைத்திட்டு என்றோர் ஊர் உண்டு. நாட்டு வரைபடத்தில் அதைத் தேடி ஏமாற வேண்டா, கற்றறிந்த அன்பரே. ஊர்ப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆற்றின் நீலமே பரந்து கிடக்கும். தைத்திங்கள் காலையில், பனி நீர்மேல் படுத்து எழ மனமின்றிக் கிடக்க, ஆடுகள் கரையோரத்து அறுகை மேய, கத்தரிக்காய் நிறைந்த கூடைகள் தோணித்துறையில் காத்திருக்க, காண்பவர் கண்ணுக்கு அவ்வூர் பேரழகுடையது. அங்கே வாழ்வது அத்தனை அழகன்று. அரிசிக்கும் ஆறு கடக்க வேண்டும், மருந்துக்கும் ஆறு கடக்க வேண்டும்.

அவ்வூரின் தோணிக்காரர் உத்திராபதி. ஐம்பதைக் கடந்தவர், ஊரார் சொல்லுக்கு முதலாளாய் நிற்பவர். பேறுகால வலி கண்ட மனைவியைத் தம் தோணியில் ஏற்றி, பெருக்கெடுத்த ஆற்றில் கழியூன்றிப் பாதி வழி வருமுன்னே அவளைப் பறிகொடுத்தவர். ஆதலின் ஒரு பாலம் வேண்டுமென்று அவரைப்போல் ஏங்கியவர் அத்திட்டில் எவருமிலர். ஆயினும் தேர்தல்தோறும் பாலத்துக்கு நட்ட அடிக்கற்கள் மூன்று உண்டு. மூன்றிலும் இன்று ஆடு கட்டுகிறார்கள். அவருடைய ஒரே மகள் ரேகா அந்தத் தையில் ஆறு திங்கள் கருவைச் சுமந்திருந்தாள். அவளுக்காகவேனும், பாலம் வருமென்ற சொல்லை இன்னொருமுறை அவர் நம்பியிருக்கலாம்.

பாலம் அமைக்கத் தக்க ஊர்தானா என்று குடிகளை எண்ண நாளை ஓர் அதிகாரி வருவார் என்று கைப்பேசியில் செய்தி வந்தது. மகிழ வேண்டிய ஊர் திகைத்தது. பாம்பென்று தாண்டவும் இயலாமல் பழுதென்று மிதிக்கவும் இயலாமல் அவர்கள் கூடி நின்றபோது, உத்திராபதியின் மைத்துனர் சாமிக்கண்ணு முன்வந்தார். கம்மாபுரத்துப் பக்கம் பிறந்து, மண்ணுக்கடியில் கரி உண்டென்று தம் ஊர் முழுதும் பெயர்க்கப்பட்டபின், தமக்கை வாழ்ந்த திட்டே தஞ்சமென்று வந்து சேர்ந்தவர் அவர்.

"மச்சான், எங்க ஊர்லயும் மொதல்ல ஒரு பொம்பளதான் சிரிச்சிக்கிட்டே வந்து தல எண்ணுச்சு. அப்பறம் அளக்கறவன் வந்தான். அதுக்கப்பறம் ஊரே இல்ல. பேர எழுதுனாத்தான் ஆளக் கெளப்ப முடியும். எழுதாதவன எங்கேருந்து கெளப்புவாங்க?"

"பாலத்துக்குன்னு சொல்றாங்களே?"

"புழு இல்லாம எவனாவது தூண்டில் போடுவானா?"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நூற்றுப் பதினெட்டுப் பேர் வாழும் ஊரில், ஆளே இல்லையென்றால் நம்பமாட்டார்கள் என்று, நாற்பத்தெழுவரை மட்டும் காட்டுவது, எஞ்சிய எழுபத்தொருவரைத் திட்டின் கீழ்முனையில் ஆளுயரம் வளர்ந்த நாணலுக்குள் மறைப்பது என்று முடிவாயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகச் சொல்வார்களே, இவர்கள் ஒரு தோட்டத்தையே மறைக்கத் துணிந்தார்கள். விடியுமுன்னே கொடியில் உலர்ந்த துணிகளை உருவி, அடுப்புகளில் நீர் தெளித்து, பதினாறு வீடுகளைப் பூட்டி வாயிலில் சருகை வாரி இறைத்து, ஆளற்று ஆண்டுகள் ஆயினபோல் தோன்றச் செய்தார்கள். கருவுற்றவளைக் கண்டால் ஊர் பெருகுவது தெரியுமென்று ரேகாவும் நாணலுக்குள் போக வேண்டியதாயிற்று. அவள் தந்தையின் முன் நின்றாள்.

"அம்மா போனதுலேருந்து பாலம் பாலம்னு பொலம்பறது நீதான். இப்ப வந்து கேக்கறவங்ககிட்ட ஆளே இல்லன்னு சொல்லப் போறியாப்பா?"

"உன் நல்லதுக்குத்தாம்மா. சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்க" என்றார் அவர், மகளின் கண்ணைப் பாராமலே.

வந்தவர் காயத்ரி என்னும் இளம் அதிகாரி. தோணியில் நடுங்கியபடி வந்திறங்கி, மிதவையங்கியைக் கழற்றுமுன்னே எழுதத் தொடங்கி, வீடுவீடாய் வெயிலில் நடந்தார். அவர் கொடுத்த ஒவ்வொரு புன்னகையையும் உத்திராபதி திருப்பித் திருப்பிப் பார்த்தார், செல்லாத காசோ என்று.

"கொல்லையெல்லாம் இவ்ளோ பச்சையா இருக்கே ஐயா, நாப்பத்தேழு பேரா பாடுபடறீங்க?"

"ஆமாம்மா. மத்தவங்கல்லாம் அக்கரைக்குப் போயி வருசக்கணக்காவுது."

"நூறு பேராவது இருந்தாத்தான் பாலத்துக்கு எழுத முடியும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

சொல்லிவிடலாம் என்று உத்திராபதியின் நாவின் நுனிவரை உண்மை வந்துவிட்டது. அவ்வேளை கீழ்முனையிலிருந்து ஒரு குழந்தையின் அழுகுரல் எழுந்து, எவரோ வாய்பொத்தினாற்போல் சட்டென நின்றது. காயத்ரி திரும்பினார்.

"அது நீர்க்கோழிம்மா" என்றார் உத்திராபதி.

காயத்ரி நம்பினார். ஆற்றோரத்துப் பறவைகளை அறியாத நகரத்துப் பெண் அவர். அதனினும், முதியவர் ஒருவர் தம் ஊரைத் தாமே இல்லையென்பார் என்று எண்ணத் தெரியாதவர். கையொப்பம் பெற்று, கொடுத்த மோரைப் பருகி, "எனக்கே வருத்தமா இருக்குங்க ஐயா" என்று சொல்லித் தோணியேறினார். அந்த வருத்தம் மெய்யானது. அதையும் நடிப்பென்றே கருதி, அன்று மாலை ஊரார் வெற்றி கண்டவர்களாய்ச் சிரித்தார்கள்.

சித்திரையில் ரேகா அக்கரையில் உறவினர் வீட்டில் தங்கி ஒரு பெண் மகவை ஈன்று நலமே திரும்பினாள். ஆனியில் அரசின் ஓலை வந்தது. நடைபாலம் கீழ்த்திசையிலுள்ள வேறொரு திட்டுக்குப் போயிற்று. அதனொடு நிற்கவில்லை, ஐம்பது பேருக்கும் குறைவாக வாழும் திட்டுகளைப் பெருவெள்ளத்தின் இடர் கருதி ஒழித்து, மக்களை அக்கரையில் குடியேற்றுவதென்றும், கோரைத்திட்டு அப்பட்டியலில் உள்ளதென்றும் அவ்வோலை கூறிற்று. எண்ணினால் பெயர்ப்பார்கள் என்று அஞ்சியவர்கள், எண்ணவிடாமையாலேயே பெயர்க்கப்படலானார்கள்.

மறுநாள் வைகறையில் உத்திராபதி தோணியை ஐந்து முறை செலுத்தி, ஊர் முழுவதையும் அக்கரை சேர்த்து, சுமையுந்து இரண்டில் ஏற்றி நகரத்து அலுவலகத்தின் முன் நிறுத்தினார். கிழவரும் மகளிரும் கைக்குழந்தையும் ஒருவர் குறையாமல் வெயிலில் நின்றார்கள். காயத்ரி வெளியே வந்தார்.

"எண்ணிக்குங்கம்மா. நூத்துப் பத்தொம்போது பேரு. அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன்."

அதே வாரத்தில் வேறு இரண்டு ஊரார், எண்ணிக்கை காட்டுவதற்கு வெளியூர் ஆட்களை அழைத்துவந்து காயத்ரியை ஏமாற்றியிருந்தார்கள்.

"நீங்க சொன்னத நம்பித்தான் எழுதுனேன். வீடு வீடாப் பார்த்தேன், பூட்டிக் கெடந்துச்சு. இப்ப லாரியில ஆள ஏத்திக்கிட்டு வந்து நிக்கறீங்க. இவுங்கல்லாம் எந்த ஊருங்க ஐயா?"

உத்திராபதி பதறிக் குடும்ப அட்டைகளை வாங்கி நீட்டினார். திட்டில் கடையில்லை என்பதால், அரிசி வாங்குவதற்காக அவையனைத்தும் அக்கரை உறவினர் முகவரியிலேயே எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொன்றாய்ப் புரட்டிய காயத்ரியின் முகம் இறுகியது. "அன்னிக்கு நான் பார்த்தவங்களத் தவிர எல்லாமே அக்கரை ஆளுங்க" என்று அட்டைகளைத் திருப்பித் தந்தார். குரலில் கடுமை இல்லை; ஒருமுறை நம்பி ஏமாந்தவரின் சலிப்பே இருந்தது.

"கண்ணு முன்னால நிக்கறோம், நம்ப மாட்டேங்கறாங்களே!" என்று உத்திராபதி ஊராரை நோக்கிக் கூவினார். தோளில் மகவைச் சாய்த்திருந்த ரேகா மெல்லச் சொன்னாள்:

"அவுங்க மேல ஏம்ப்பா கோவப்படறே? எங்கள மொதல்ல இல்லன்னு சொன்னது நீதானே."

அன்பரே, ஐயமும் ஒருவகைக் காவலே. வஞ்சகர் மலிந்த உலகில் அது இல்லாதவன் இழப்பான். ஆயினும் வாயிலில் நிற்கும் காவலன் வருவோர் அனைவரையும் விரட்டுவானாயின், காக்கப்பட்ட வீட்டுக்கு விருந்தும் வராது, மருத்துவனும் வரான். இதை உத்திராபதிக்கு எவரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்திப்பொழுதில் ஐந்து முறை கழியூன்றி ஊரைத் திரும்பக் கொண்டுசேர்த்தபோது, தோணியிலிருந்து இறங்கும் ஒவ்வொருவரையும் அவர் வாய்விட்டு எண்ணினார். நூற்றுப் பத்தொன்பது பேர் இருந்தார்கள். கேட்டு எழுதிக்கொள்ளத்தான் எவருமில்லை.