வாலாட்டிய விமானம்

செத்துப்போன அத்தான் மாடல் விமானத்தின் வாலை ஆட்டுகிறார் என்று அக்கா போனில் சொன்னபோது எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. அந்த வீட்டில் அவள் தனியாக இரண்டு முறை மயங்கி விழுந்திருந்தாள். இரண்டாவது முறை பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்துத்தான் தூக்கினார். "இன்னொரு தடவை தனியா விழுந்தா பிழைக்க மாட்டாங்க, உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று டாக்டர் என்னிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். இவளோ கிளம்ப மாட்டேன் என்று விமானத்துக்குக் காவல் இருந்தாள்.

ரிமோட்டில் பறக்கும் விமானங்கள் செய்வதுதான் அத்தானுக்கும் எனக்கும் தொழில். உடலும் இறக்கையும் அவர் வேலை. கம்பி இழுப்பது என் வேலை. பெரிய விமானங்களில் வாலில் இடம் வலமாகத் திரும்பும் பலகையை, அதாவது சுக்கானை, இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் திருப்பும். விமானத்தின் வயிற்றில் ஒரு சின்ன மோட்டார் இருக்கும். அதன் தலையில் திரும்பும் சின்னக் கையின் இரு முனைகளிலிருந்து கம்பிகள் பின்னால் ஓடி, சுக்கானை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். கம்பிக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால் இரண்டிலும் இறுக்கம் சமமாக, அளவாக இருக்க வேண்டும். தளர்ந்தால் வால் தறிகெட்டு ஆடும். அதிகம் இறுக்கினால் மோட்டாரின் அச்சு சாய்ந்து சிக்கிக்கொள்ளும். புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லாரும் வீணை நரம்பு மாதிரி முறுக்கித் தொலைப்பார்கள். அவர்களைத் திட்டியே எனக்குத் தொண்டை போயிற்று.

அத்தான் வாயைத் திறந்து பேசுகிற ஆள் இல்லை. அக்கா பட்டறை அறைக்குள் வந்தால் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார். ரிமோட்டில் கட்டைவிரலை வைத்து, மேசைமேல் எந்த விமானம் இருக்கிறதோ அதன் சுக்கானை அவள் பக்கம் இரண்டு தடவை ஆட்டுவார். "நாய்கூடக் குரைச்சுட்டுத்தான் வாலாட்டும், இந்த மனுஷனுக்கு வால் மட்டும்தான்" என்று அவள் நொடிப்பாள். ஆனால் காரணமே இல்லாமல் நாலு தடவை உள்ளே வந்து போவாள். அவர்கள் கொஞ்சிக்கொண்டது அவ்வளவுதான். கடைசியில் அவர் அந்த அறையிலேயே, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். மேசைமேல் இருந்த மஞ்சள் விமானத்துக்கு அப்போது கம்பி அரைகுறையாகத்தான் கட்டியிருந்தது.

நான் போனபோது நல்ல வெயில். அறையில் பசை வாசனையும் மரச்சீவலும் அப்படியே இருந்தன. ஜன்னல்கள் சாத்தியிருந்தன.

"பேட்டரி எங்கக்கா?"

"அதோ, அலமாரில. நான்தான் கழட்டி வச்சேன். அப்புறமும் ஆடுது."

"கம்பி சரியா கட்டலைன்னா நீ தும்மினாக்கூட ஆடும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப நீயே கட்டு. நீ கட்டினதுக்கப்புறம் அசையலைன்னா, பெட்டியைக் கட்டிட்டு உன் கூடவே வந்துடறேன். அசைஞ்சதுன்னா, வா வான்னு இனிமே நீ என் உயிரை வாங்கக் கூடாது."

"சரி" என்றேன். இதைவிடச் சுலபமாக ஒரு பந்தயம் எனக்கு வாய்த்ததில்லை. அவளை வெளியே அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்கினேன். பழைய கம்பிகளை உருவி எறிந்தேன். புதுக் கம்பியை, நுனியைப் பூட்டும் சின்னச் செப்புக் குழாய்க்குள் நுழைத்து, மடக்கி, மறுபடி நுழைத்து, குறட்டால் நசுக்கினேன். சுக்கானை நடுவில் நிறுத்தி, இறுக்கும் திருகுகளை இருபக்கமும் மாற்றி மாற்றித் திருப்பினேன். விரலால் சுண்டினால் இரண்டு கம்பியும் ஒரே மாதிரி ஒலித்தன. என் கைவேலையில் எனக்கே ஒரு திமிர் உண்டு. மேசையில் முழங்கையை ஊன்றி அதை ரசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வெளியே நடையில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டது. சுக்கான் மெல்ல வாசல் பக்கம் திரும்பியது. நடுவுக்கு வந்தது. மறுபடி திரும்பியது.

பாய்ந்து சுக்கானைப் பிடித்தேன். என் விரல்களுக்குள்ளேயே அது வாசல் பக்கம் இழுத்தது. முரட்டு இழுப்பு இல்லை. கையைப் பிடித்துக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

"முடிஞ்சுதாடா?"

"உள்ள வராதக்கா! இன்னும் முடியலை!"

செருப்புச் சத்தம் நின்றது, பிறகு திரும்பிப் போனது. என் விரல்களில் இழுப்பும் அடங்கியது.

மோட்டாரைப் பார்த்தேன். அதில் ஒரு ஒயர்கூட இணைத்திருக்கவில்லை. பயத்தைவிட ஆத்திரம்தான் எனக்கு அதிகமாக வந்தது. "நீங்க போய்ச் சேர்ந்துட்டீங்க அத்தான், அவளையும் கூப்பிடுறீங்களா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். இதை அவள் பார்த்தால் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாள். இன்னொரு நாள் விழுவாள். பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நாளாகக்கூட அது இருக்கும்.

திருகுகளை மறுபடி எடுத்தேன். யாரும் செய்யக்கூடாது என்று நான் திட்டுவதையே செய்தேன். முறுக்கினேன், இன்னும் முறுக்கினேன். அச்சு சாய்ந்து மோட்டார் சிக்கியது. சுக்கான் சுவரில் அடித்த பலகை போல நின்றது.

"வாக்கா" என்றேன்.

முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு வந்திருந்தாள். அதைப் பார்க்காத மாதிரி குறட்டைத் துடைத்தேன். வாசலில் நின்றாள். சுக்கான் அசையவில்லை. வெளியே போய் மறுபடி வந்தாள். அசையவில்லை.

"என்னங்க" என்று மெதுவாகக் கூப்பிட்டாள்.

கம்பிகள் முனக ஆரம்பித்தன. கொசு ரீங்காரம் போல மெல்லியதாகத் தொடங்கி ஏறிக்கொண்டே போயிற்று. மேசை என் உள்ளங்கைக்குக் கீழே அதிர்ந்தது. டப்பாவில் திருகாணிகள் கிலுகிலுத்தன. நான் டப்பாவைப் பொத்திப் பிடித்துக்கொண்டு பலமாக இருமினேன்.

"இல்லடா" என்றாள் அக்கா. "இல்ல. எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சு." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நிஜமாவே போயிட்டாரு இல்ல?"

"போயிட்டாருக்கா" என்றேன். "இங்க யாரும் இல்ல. இனிமே நீயும் இந்த ரூமுக்கு வரப்போறதில்லை, அவரும் காத்துக்கிட்டு இருக்கப்போறதில்லை."

அவள் தலையாட்டிவிட்டுப் பெட்டி எடுக்கப் போனாள்.

முனகல் நின்றுவிட்டது. கம்பியைத் தொட்டேன். தொளதொளவென்று இருந்தது. மற்றதையும் தொட்டேன். அதுவும் அப்படியே. திருகுகள் நான் விட்ட இடத்திலேயே இருந்தன. செப்புக் குழாய்கள் நழுவவில்லை, கம்பி அறுபடவில்லை. யாரோ இரண்டையும் பிடித்திருந்துவிட்டுக் கையை எடுத்தது போலத் தொங்கின.

அவள் இனி வர மாட்டாள் என்று நான் சொன்னதை அத்தான் நம்பிவிட்டார்.

அவசர அவசரமாகத் திருகுகளைப் பிடித்தேன். சுக்கானை நடுவில் நிறுத்தி, சரியான அளவுக்கு, சமமாக, என் தொழிலில் இதுவரை கட்டாத அளவு நேர்த்தியாகக் கட்டினேன்.

"அத்தான், அவளைக் கிளப்பத்தான் பொய் சொன்னேன். விமானத்தையும் வண்டில ஏத்திக்கிறேன். எங்க வீட்டு ஹால்லயே வைக்கிறேன். அங்க வந்து எவ்வளவு வேணும்னாலும் ஆட்டுங்க. இப்ப ஒரு தடவை ஆட்டுங்க அத்தான்."

நடையில் செருப்புச் சத்தம் வந்தது. நான் சுக்கானையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

"கிளம்பலாமாடா?"

"கொஞ்சம் உள்ள வாயேன்க்கா" என்றேன்.

"எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே அவள் உள்ளே வந்தாள். சுக்கான் நேராகவே நின்றது.