வெர்னன் விட்டுக்கொடுத்தார்

வெர்னன் புரூயிட் எங்களுக்காகத் தியாகம் செய்த அன்று நான்தான் கேக் செய்து கொண்டுபோனேன். எலுமிச்சை கேக். அதில் போட்ட வெண்ணெயை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஈரி ஏரிக்கரையில் கார் கதவுகளுக்குக் கீல் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. ஆர்டர் குறைந்தால் கம்பெனி கொஞ்சம் பேரை வீட்டுக்கு அனுப்பும். அவர்களுக்கு ஓஹையோ அரசு வாராவாரம் வேலையில்லாப் படி கொடுக்கும். அது போதாது என்று யூனியன் சண்டை போட்டு வாங்கிய ஒரு நிதியும் இருந்தது. அதிலிருந்து கூடுதல் படி வரும். இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய முழுச் சம்பளம். கீல் அடிக்காமலே கீல் அடித்த காசு.

கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே போவதுதான் வழக்கம். ஆனால் மூத்தவர்கள் விரும்பினால் இளையவர்களுக்குப் பதில் தாங்களே வீட்டுக்குப் போகலாம் என்று எங்கள் ஒப்பந்தத்தில் ஓர் ஏற்பாடு. அந்த ஏப்ரலில் ஆர்டர் படுத்தபோது வெர்னன் யூனியன் ஹாலில் எழுந்து நின்றார். முப்பது வருஷ சர்வீஸ்.

"நாங்க வாழ்ந்து முடிச்சவங்க. சின்னப் பிள்ளைங்க வேலை செய்யட்டும். மூத்தவங்கதான் விட்டுக்கொடுக்கணும்" என்றார்.

அவர் பின்னால் இன்னும் நாற்பது மூத்தவர்கள் விட்டுக்கொடுக்க எழுந்தார்கள். கைதட்டலில் கூரை அதிர்ந்தது. நான் சேர்ந்து மூன்று வருஷம்தான், வீட்டுக் கடன் வேறு. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேக்கை வெட்டினேன்.

தியாகம் என்றால் சாதாரணத் தியாகமா? மே மாதம் படகுக்குப் புது இன்ஜின். ஜூனில் நடு ஏரியில் பெர்ச் மீனைத் தூக்கிப்பிடித்து போட்டோ. இங்கே நாங்கள் இரண்டு பேர் வேலையை ஒருவராகச் செய்து இடுப்பொடிந்து கிடந்தோம். வழியில் பார்த்தால் வெர்னன் வண்டியை நிறுத்தி, என் மிஷினை நன்றாகப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போவார். பெரிய மனசு.

ஆகஸ்டில், ஆலையையே மூடப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. அதே வாரம் ஆஸ்பத்திரிச் சமையலறையில் எனக்கு வேலை தருவதாகச் சொன்னார்கள். சம்பளம் குறைவு, ஆனால் நிரந்தரம். வாய் சும்மா இருந்ததா? பெட்ரோல் பங்கில் வெர்னனைப் பார்த்து யோசனை கேட்டேன்.

"நீயா விட்டுட்டுப் போனா பிரிவுத் தொகையும் போச்சு, கூடுதல் படியும் போச்சு" என்றார், வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்திருந்த படகில் சாய்ந்துகொண்டு. "மூடினா மூடட்டுமே. ஒரு வருஷம் உக்காந்து சாப்பிடலாம். நிதி எதுக்கு இருக்கு?"

ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபரில் மூடினார்கள். கம்பெனி அனுப்பிய கோட்டுக்காரன், கனத்த மனதோடு எடுத்த முடிவு என்று சொல்லும்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்தான். சர்வீஸில் வருஷத்துக்கு ஒரு வாரச் சம்பளம் பிரிவுத் தொகை. எனக்கு மூன்று வாரம். வெர்னனுக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கோட்டுக்காரனிடம் நான் நல்லது எதையும் எதிர்பார்த்ததில்லை. அதனால் அவன்மேல் கோபம்கூட வரவில்லை.

கூடுதல் படி எப்போது வரும் என்று யூனியன் தலைவர் காஸ்டெக்கைக் கேட்டோம். அவர் தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். நிதி தீர்ந்துவிட்டது என்றார். நாங்கள் உழைக்கிற மணிக்குத் தக்கபடிதான் கம்பெனி அதில் பணம் போடும். ஆலையே பாதிதான் ஓடியது, வரவும் சுருங்கிவிட்டது. செலவோ, மூத்தவர்கள் அத்தனை பேருக்கும் கோடை முழுக்க வாராவாரம். யாரும் திருடவில்லை. எல்லாம் விதிப்படி. விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்தே காலி பண்ணிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அந்த இடத்துக்கு ஆள் வந்தாயிற்று என்றார்கள்.

கடைசி வெள்ளிக்கிழமை ஹாலில் பிரிவு விருந்து. கோடையெல்லாம் பிடித்து ஃப்ரீசரில் அடைத்திருந்த பெர்ச்சை வெர்னன் தன் கையாலேயே வறுத்தார். வெயிலில் பழுத்த கழுத்து, பூப்போட்ட ஏப்ரன். எங்கள் ஹாலில் சாப்பாட்டு வரிசையும் சர்வீஸ்படிதான். எத்தனையோ விருந்தில் எங்கள் முறை வரும்போது கோஸ் சாலடும் ரொட்டியும்தான் மிஞ்சும். அன்றும் மூத்தவர்கள் தட்டோடு முன்னால் நின்றார்கள். நான் அவர்களைத் தாண்டி நேரே அடுப்புக்குப் போனேன்.

"என்ன கண்ணு, உன் இடம் பின்னாடியில்ல இருக்கு?" என்றார் வெர்னன்.

"மீன் நல்லா வந்திருக்கா?"

"பிரமாதம். கோடை பூரா பட்ட பாடு."

"இருக்காதா பின்ன. எங்க நிதியில புடிச்ச மீனாச்சே."

அவர் கரண்டி எண்ணெய்க்குள்ளேயே நின்றது. "அது என் உரிமை, டார்லா. அதுவும் உங்களுக்காகத்தான் நான்..."

"தெரியும். கேக் பண்ணிட்டு வந்தவளே நான்தானே."

வறுத்துக் குவித்திருந்த தாம்பாளத்தை அப்படியே தூக்கினேன். விளிம்பு கையைச் சுட்டது, விடவில்லை. காஸ்டெக் மறுபடி தொப்பியைக் கழற்றினார். வரிசையின் வாலில் போன வருஷம் சேர்ந்த ரோண்டா வெறும் தட்டோடு நின்றிருந்தாள். அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"இங்கேருந்து ஆரம்பிங்க" என்றேன், ஹால் முழுக்கக் கேட்கும்படி. "மூத்தவங்க விட்டுக்கொடுப்பாங்க. அவங்களுக்குப் பழக்கம்தான்."