டோட்டோ கொடுத்த ரத்தம்

மீன் ஆலையின் சங்கு அலறியதும் குல்வா ஆஸ்பத்திரிக் கட்டிலில் விருட்டென்று எழுந்தாள். கையில் குத்தியிருந்த மருந்துக் குழாய் இழுபட்டது.

“படுடி. அது உனக்கு ஊதல,” என்றாள் தங்கை டோட்டோ.

இரட்டையில் முதலில் பிறந்தால் குல்வா, அடுத்தது டோட்டோ; முவான்சா ஏரிக்கரையில் வேறு பெயர் வைப்பதில்லை. குல்வா ஆலையில் மீன் அறுப்பவள். டோட்டோ பஸ் நிலையத்தில் மரவள்ளி வறுவல் விற்பவள். முகம் மட்டும் ஒன்று.

குல்வாவின் கடைவாய்ப்பல்லில் கட்டிய சீழ் தாடைக்கு அடியில் இறங்கிவிட்டது. பல்லைப் பிடுங்கி, சீழை வடித்து, ஐந்து நாளாக மருந்து ஏற்றுகிறார்கள். உள்ளே நோய் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஓர் எண்ணைத் தினமும் ரத்தத்தில் பார்த்தார்கள். முதல் நாள் இருநூற்று எண்பது. நேற்று நூற்று இருபது.

“வெளிவீக்கம் வத்தினாப் போதாதும்மா. அந்த எண் பத்துக்குக் கீழ வரணும்,” என்றிருந்தார் டாக்டர்.

“நாளைக்கு நான் ஆலைக்குப் போகலைன்னா என் மேசையில வேற ஆளாம்,” என்றாள் குல்வா.

“உனக்குப் பதிலா நான் போறேன்.”

“நீ அறுத்தா மீனோட உன் விரலையும் சேர்த்து எடை போடணும்.” சிரிக்கப் போய்த் தாடையைப் பிடித்துக்கொண்டாள். “வேற ஒண்ணு பண்ணு. இன்னிக்கு அந்த எண் பாக்க ரத்தம் எனக்குப் பதிலா நீ குடு.”

“பைத்தியமாடி உனக்கு?”

“நல்லாத்தானே பேசறேன்? செத்தா போயிடுவேன்?”

டோட்டோ மேல்துணியால் தாடையைச் சுற்றிக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். ரத்தம் எடுப்பவர் நிமிராமலே பெயர் கேட்டார். அக்காவின் பெயரைச் சொல்ல நாக்கு கூசவில்லை. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ முறை சொன்னதுதான்.

எண் மூன்று என்று வந்தது. டாக்டர் குல்வாவின் தாடைக்கடியில் அழுத்திப் பார்த்தார். “இன்னும் கெட்டியாத்தான் இருக்கு,” என்று முணுமுணுத்தவர், சீட்டை மறுபடி படித்தார். பிறகு குழாயைக் கழற்றச் சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மூன்று நாள் குல்வா பனிக்கட்டித் தண்ணீரில் நின்று மீன் அறுத்தாள். மூன்றாம் நாள் மாலை நடுக்கத்தோடு வந்து படுத்தாள். வீக்கம் நெஞ்சுக்கு இறங்கியிருந்தது. மறுநாள் காலை சங்கு ஊதியபோது அவள் எழவில்லை.

புதைத்த மறுநாள், ஆலைக்குச் சொந்தமான கத்தியையும் ரப்பர் பூட்ஸையும் திருப்பிக் கொடுக்க டோட்டோ வாசலுக்குப் போனாள். மேஸ்திரி லுஹெண்டே அவள் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார். அவள் வாய் திறப்பதற்குள் கதவைத் தள்ளித் திறந்தார்.

“வீக்கம் சுத்தமா வத்திடுச்சே, குல்வா. ஒரு பல்லுக்குப் போய் மறுபடியும் லீவா? ஓடு, மீன் காத்துக் கிடக்கு.”