வேலிக்கு அடியில் ஒரு தலை

"மிஸ், உடம்புக்கு அனுமதி இருக்கு. தலைக்குத்தான் இல்லை" என்றார் கேதீஸ்வரன்.

சிரிப்பதா, மேசையைக் கவிழ்ப்பதா என்று மதுராவுக்குத் தெரியவில்லை. மனிதர் பகிடி விடவில்லை. அகழாய்வு அனுமதிகளுக்குப் பொறுப்பான அலுவலர் அவர். கோப்பைத் திறந்து, வரைபடத்தில் பேனாவால் கோடு இழுத்தே காட்டினார்.

"இது பஞ்சலிங்கத்தாற்றை காணி. கால், இடுப்பு, நெஞ்சு எல்லாம் இதுக்கை கிடக்கு. கழுத்துக்கு மேலை வேலி. வேலிக்கு நான் அனுமதி தரேலாது."

நீர்வேலியில் ஒரு வாழைத்தோட்டத்தில் மதுராவின் பல்கலைக்கழகக் குழு அகழாய்வுக் கிடங்கு வெட்டத் தொடங்கி மூன்று வாரமாகிறது. எலும்பைக் கண்ட அன்றே வேலையை நிறுத்திப் பொலிசுக்கு அறிவித்தாள். பொலிஸ் நீதவானுக்கு அறிவித்தது. நீதவான் சட்ட வைத்திய அதிகாரியையும் கூட்டிக்கொண்டு நேரில் வந்தார். எலும்பையும் பக்கத்தில் இருந்த கறுப்பு சிவப்புச் சட்டிகளையும் பார்த்த வைத்தியர், குற்றச்செயல் எதுவும் இல்லை, மிகப் பழைய புதைகுழி என்று எழுதிக் கொடுத்தார். எடுக்கலாம் என்று நீதவானும் உத்தரவிட்டார். ஒரேயொரு நிபந்தனை. அந்த வேலி எல்லை வழக்கில் இருக்கிறது. அதைப் பிடுங்குவதானால் இரண்டு பகுதியாரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அதன் பிறகுதான் தொல்பொருள் திணைக்களம் அனுமதியை நீட்டிக் கொடுக்கலாம்.

"நாளைக்கு மழை எண்டு சொல்லியாச்சு" என்றாள் மதுரா. "திறந்த கிடங்குக்கை தண்ணி இறங்கினா செம்பாட்டு மண்ணோடை மண்டையோடும் கரைஞ்சுபோம். பல்லை வைச்சுத்தான் அந்தச் சீவன் எங்கை பிறந்தது, என்ன சாப்பிட்டது எண்டு அறியலாம். தலையில்லாமல் நான் என்னத்தைப் படிக்கிறது?"

"ரெண்டு கையெழுத்தைக் கொண்டு வாங்கோ. நான் மாட்டன் எண்டே சொல்லுறன்?"

ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டு அவள் நீர்வேலிக்கு வந்தபோது பஞ்சலிங்கம் மண்வெட்டியால் வாய்க்காலை வெட்டி வாழைக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் குணலட்சுமி. அவருடைய கூடப்பிறந்த தங்கச்சி. தகப்பன் காணியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மகளுக்குச் சீதனமாக எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து இந்த வேலி ஓரிடத்தில் நின்றதில்லை. வருடா வருடம் ஓலை மாற்றி அடைக்கும்போது வேலிக்கு ஊன்றிய பூவரசங் கதியால்கள் ஒரு விரற்கடை நகரும். அண்ணன் அடைத்தால் அங்கே, தங்கச்சி அடைத்தால் இங்கே. நீதிமன்றத்தில் வழக்கு விழுந்து பதினொரு வருடம். முகம் பார்த்துக் கதைத்தும் பதினொரு வருடம்.

"கையெழுத்து வைக்க நான் றெடி பிள்ளை. என்ரை காணி. ஆனா உவள் வைக்கக்கூடாது. உவள் வைச்சா உவளுக்கும் உரித்திருக்கெண்டு ஆகிப்போம்" என்றார் பஞ்சலிங்கம்.

ஓலைக்குப் பின்னாலிருந்து உடனே மறுமொழி வந்தது. "பிள்ளை, உவருக்குச் சொல்லு! உவர் கை பட்ட கடுதாசியிலை என்ரை கை படாது."

"ரெண்டு பேரும் வைச்சால்தான் செல்லும் அம்மா."

"அப்ப ஒருத்தரும் வைக்கேல்லை. மழை வந்தா வரட்டும்."

மதுரா கிடங்குக்குள் குதித்தாள். வேலிப்பக்க மண்சுவரில், பாதி தெரிந்த தாடை எலும்புக்கு மேல் ஒரு கதியாலின் அடிநுனி குத்திக்கொண்டு நின்றது.

"இஞ்சை வந்து பாருங்கோ! ஒரு மனிசரின்ரை கழுத்திலை உங்கடை வேலி நிக்குது. விரற்கடை விரற்கடையா நகர்த்தி இந்தத் தாடையை இடிச்சுப்போட்டியள். நீதவான் குனிஞ்சு பார்த்தார். நீங்கள் ஒருக்காலாவது குனிஞ்சியளே? உங்கடை அப்பர் காணியைப் பிரிச்சவர், கொஞ்சம் புத்தியையும் பிரிச்சுக் குடுத்திருக்கலாம்!"

பஞ்சலிங்கம் மண்வெட்டியை வரம்பில் குத்தினார். பிறகு ஓலை விலகியது. இடைவெளியில் குணலட்சுமியின் முகம் தெரிந்தது.

"அண்ணை, கேட்டியளே? அப்பரைக் கதைக்கிறாள்!"

"கேட்டுக்கொண்டுதான் தங்கச்சி நிக்கிறன்" என்றார் பஞ்சலிங்கம். கிடங்கின் விளிம்புக்கு வந்து நின்றார். "பிள்ளை, நீர் எந்த ஊர்?"

"புத்தூர்."

"ஓ, புத்தூரிலை ஒருத்தரும் வேலிக்குச் சண்டை பிடிக்கிறேல்லையோ?"

"படிச்ச திமிர் அண்ணை. கையெழுத்தை வைச்சுக் குடுங்கோ. இண்டைக்கே கிளறி எடுத்துக்கொண்டு எங்கடை வளவை விட்டுப் போகட்டும்."

"நீ முதல் வை."

"நீங்கள்தானே மூத்தவர்."

எங்கடை வளவு என்று குணலட்சுமி சொன்னதை இருவருமே கவனிக்கவில்லை. அவர்களுடைய தகப்பனைப் பேச்சில் இழுத்தது பிழை என்று மதுராவுக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்க வாய் உன்னியது. கேட்டால் கோபம் தணிந்து, இரண்டு பேரும் மறுபடி பிரிந்துவிடுவார்களே என்று பயந்து வாயை மூடிக்கொண்டாள். வேலி இடுக்கால் கடுதாசியை நீட்டினாள். ஒருவர் இந்தப் பக்கமும் மற்றவர் அந்தப் பக்கமும் நின்று கையெழுத்து வைத்தார்கள்.

இரண்டு மணிக்கு மறுபடி கேதீஸ்வரனின் மேசை. கடுதாசியை அவர் அவசரமில்லாமல் ஆறுதலாக வாசித்தார்.

"நல்லது. இது அவையின்ரை கையெழுத்துத்தான் எண்டு கிராம அலுவலர், அதுதான் விதானையார், உறுதிப்படுத்த வேணும்."

"காலமை உதைச் சொல்லேல்லை."

"காலமை கையெழுத்து இல்லையே மிஸ். விதானையார் லீவு. திங்கட்கிழமை வருவார்."

மதுரா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். தன் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து அவர் முன்னால் வைத்தாள்.

"நீதவானின்ரை உத்தரவிலை விதானையார் எண்டு ஒரு சொல் இல்லை. அப்ப நீங்கள் எழுதுங்கோ. கோட்டு உத்தரவும் ரெண்டு சம்மதமும் கையிலை இருந்தும், கேதீஸ்வரன் ஆகிய நான் அனுமதி குடுக்கேல்லை எண்டு. நேரத்தையும் போடுங்கோ. நாளைக்கு மண்டையோடு கரைஞ்சால் நான் அதை நீதவானிட்டைக் குடுக்கிறன்."

"என்ன மிஸ் உது..."

"ஊரிலை எல்லாரிட்டையும் கையெழுத்துக் கேக்கிறியள். உங்கடை ஒண்டை ஒருக்கா வையுங்கோவன்!"

பக்கத்து மேசைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றது. கேதீஸ்வரன் அந்த வெறுந்தாளைப் பார்த்தார், சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து முத்திரையை எடுத்தார்.

நாலு மணிக்குக் கதியால்களைப் பிடுங்கினார்கள். ஐந்தரைக்கு மதுரா தலையை மண்ணோடு சேர்த்துப் பெயர்த்து எடுத்தாள். கீழ்த்தாடை நொறுங்கிப் போயிருந்தது. மேல்வரிசையில் பற்கள் இருந்தன. பெட்டிக்குள் வைக்க முன்னமே தூறத் தொடங்கிவிட்டது.

"தறப்பாளைப் பிடியுங்கோ!" என்று கத்தினாள். பஞ்சலிங்கம் அந்தப் பிளாஸ்டிக் விரிப்பின் ஒரு முனையையும் குணலட்சுமி மறுமுனையையும் பிடித்தார்கள்.

"கதியால் நிண்டது இதிலை" என்றார் அவர், காலால் மண்ணைக் கீறி.

"ஆர் சொன்னது? அதிலை."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ!" என்றாள் மதுரா, தலையை நிமிர்த்தாமலே. "தறப்பாளை உயர்த்திப் பிடியுங்கோ. இன்னும் கழுத்தெலும்பு கிடக்கு!"