அவர்கள் வீட்டு வான்கோழி

தையற்காரி காய்ந்த ரொட்டியைப் பிய்க்கவில்லை, கிழித்தாள்.

வான்கோழி அவளுடையதல்ல. அது ரெண்டு தெரு தள்ளி, முன்னாள் கணவன் வீட்டில், அவனுடைய புது மனைவியின் ஃப்ரிட்ஜில் கிடந்தது. இந்த வருடம் பண்டிகைக்குப் பிள்ளைகள் அப்பா பக்கம். வான்கோழியின் வயிற்றுக்குள் வைக்கும் பூரணத்தை மட்டும் இவள் செய்து தர வேண்டுமாம். புதியவள் நேற்று ஒத்திகையாகப் பாக்கெட் பூரணம் கிளறினாளாம். சின்னவன் ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினானாம். காலையில் போனில் இவ்வளவையும் முன்னாள் கணவன் கூச்சமில்லாமல் சொன்னான்.

முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். சின்னவன் வெறும் கறியை மென்றபடி உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்தது. சரி என்றாள். அப்போதிருந்து பற்றிக்கொண்டு வந்தது.

வெண்ணெயில் வெங்காயத்தை வதக்கினாள். ஈரலைப் பொடியாக நறுக்கிச் சேர்த்தாள். மிளகை இடித்தாள், என்ன சத்தம் என்று கேட்க ஏறிவந்த கீழ்வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனார். எலும்புச் சாற்றை ரொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விட்டால் உதிர வேண்டும். எவ்வளவு ஆத்திரத்திலும் கை அதைச் சரியாகச் செய்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஆறவைத்துப் பாத்திரத்தில் அடைத்து முடித்தபோது அவன் வாசலில் நின்றான்.

"இந்தா. உள்ள வெச்ச உடனே அடுப்புல ஏத்தணும். வயித்தைத் தைக்கிறது உங்க பாடு."

வாங்கிக்கொண்டான். போகவில்லை. தலையைச் சொறிந்தான்.

"பசங்ககிட்ட அவ பண்ணான்னு சொல்லிடறேன். நீயும் போன்ல ஒண்ணும் காட்டிக்காத. அவளுக்கும் கொஞ்சம் மரியாதை வேணும்ல."

பிள்ளைகள் தட்டில் தன்னுடையது என்று அவளுக்கு மிச்சமிருந்தது இது ஒன்றுதான். பாத்திரத்தைப் பிடுங்கிவிட்டது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது.

"போ."

"என்னடி இது, சின்னப் பிள்ளை மாதிரி..."

"டி போட்டுக் கூப்பிட அங்க ஒருத்தி இருக்கா. போ."

கதவைச் சாத்தினாள். பாத்திரம் மேசையில் இருந்தது. அதில் இருந்ததை அடைக்க இந்த வீட்டில் ஒரு கோழிகூட இல்லை. படியில் காலடிச் சத்தமும் இல்லை. வெறுங்கையோடு அவனால் அந்த வீட்டுக்குப் போக முடியாது. நிற்கட்டும். உரலைக் கழுவினாள். பலகையைக் கழுவினாள். அடுப்பைத் துடைத்தாள். பிறகு கதவைத் திறந்தாள்.

"சரி, நீ பண்ணதுன்னே சொல்லிடறேன்."

"நீ சொன்னதை நான் நம்பிக் கிழிச்சது போதும். போன் போடு. ஸ்பீக்கர்ல."

போட்டான். எடுத்தது சின்னவன்.

"டேய், உள்ள வெக்கிறதை அம்மா பண்ணிக் குடுத்து அனுப்பறேன். சரியா வேகலன்னா அப்பாவைத் திட்டு."

சின்னவன் போட்ட கூச்சலில் போன் அதிர்ந்தது. பின்னால் திரும்பி யாரிடமோ, அம்மா பண்ணதாம், அம்மா பண்ணதாம் என்றான். அங்கே ஏதோ ஒன்று ணங்கென்று வைக்கப்பட்டது.

முன்னாள் கணவன் முகத்தில் ஈயாடவில்லை.

பாத்திரத்தை அவன் கையில் திணித்தாள்.

"கழுவித் திருப்பி அனுப்பு," என்றாள். "அவளையே கழுவச் சொல்லு."