பச்சைக் கப்பலுக்கு ஆள் இல்லை

அந்த வீட்டில் அவருக்கு அம்பயர் என்று பெயர். வைத்தவன் மைத்துனன். குடும்பமாக உட்கார்ந்து விளையாடும் பலகை விளையாட்டுகளைப் பற்றி ஒரு வாரப் பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் பதினான்கு வருடமாக எழுதி வருகிறார். பெட்டியைப் பிரித்ததும் விதிப் புத்தகத்தை வரி விடாமல் படிப்பார், காய்களை எண்ணிக் குறித்துக்கொள்வார், மூன்று முறை முழுதாக ஆடாமல் ஒரு வரி எழுத மாட்டார். கட்டுரையின் அடியில் எப்போதும் ஒரே வரி: 'விளையாடிப் பார்த்தவர்கள்: நால்வர்.' அவர், அவர் மனைவி, ஒன்பது வயது மகள், மனைவியின் தம்பி.

அந்தத் தம்பி அழுகுணி ஆட்டத்துக்குப் பேர் போனவன். எந்த விளையாட்டானாலும் பச்சைக் காய் அவனுக்குத்தான். நாற்காலியைப் பின்னால் சாய்த்துச் சாய்த்து ஆட்டிக்கொண்டிருப்பான். நாற்காலி இடித்த வடு சுவரில் இன்னும் இருக்கிறது. நடுவில் ஏதாவது ஒரு காயைச் சுருட்டிவிடுவான். அம்பயர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் ஒரு தடவைகூடக் கையும் களவுமாகப் பிடித்ததில்லை. பெட்டியை மூடும்போது ஒன்று குறையும். மேசைக்கடியில் எல்லோரும் தவழ்ந்து தேடுவார்கள். கடைசியில் அது அம்பயரின் சட்டைப் பையிலேயே இருக்கும்.

"என்ன அத்தான், அம்பயரே இப்படிப் பண்ணலாமா?" என்பான். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால், வேலை செய்யும் இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. முப்பத்தொரு வயது. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் பகடையைத் தொடவில்லை. மூவரும் மூன்று வேளையில் சாப்பிட்டார்கள். மகள், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாள். பத்திரிகை ஆசிரியை இத்தனை நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு பெட்டியை அனுப்பி, போனும் செய்தார்.

"திங்கக்கிழமைக்குள்ள வேணும் சார். இல்லன்னா பக்கத்த வேற யாருக்காவது குடுக்கச் சொல்றாங்க. லேசான விளையாட்டுதான். கடல் கொள்ளைக்காரங்க, புதையல், அவ்வளவுதான்."

பக்கம் போனால் போகட்டும். ஆனால் இந்தப் பெட்டியையும் பிரிக்காமல் திருப்பி அனுப்பினால், அந்த மேசையில் மூவரும் இனி ஒருநாளும் சேர்ந்து உட்காரப் போவதில்லை. அம்பயருக்கு அது நன்றாகத் தெரிந்தது, பயமாகவும் இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் பெட்டியைப் பிரித்தார்.

கடல் வரைந்த பலகை, நான்கு மரக் கப்பல்கள், இரண்டு பகடைகள், புதையலுக்குப் பன்னிரண்டு சிவப்புக் கண்ணாடிக் கற்கள். பன்னிரண்டு என்று குறித்துக்கொண்டார். விதிப் புத்தகத்தின் ஆறாம் பக்கத்தில் அவர் விரல் நின்றது. மூவர் ஆடினாலும் நான்காவது கப்பல் பலகையில் இருந்தே ஆக வேண்டுமாம். இருப்பவர்களில் சின்னவர் அதற்காகப் பகடை உருட்ட வேண்டுமாம். ஒப்புக்குச் சப்பாணி. அதை அவர் உரக்கப் படித்துக் காட்டினார்.

ஆளுக்கு ஒரு கப்பல் எடுத்துக்கொண்டார்கள். பச்சை மிஞ்சியது. பெரியவர்கள் கை நீட்டவில்லை. மகள்தான் அதை எடுத்துக் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

பச்சைக் கப்பலுக்கு ஆறு மேல் ஆறாக விழுந்தது. ஆள் இல்லாமலே ஏழு கற்களை அள்ளிக்கொண்டு கரை சேர்ந்தது. பெட்டியில் திரும்ப எண்ணி வைத்தபோது பதினொன்றுதான் இருந்தது. பழக்க தோஷத்தில் மூவரும் மேசைக்கடியில் குனிந்தார்கள். குனிந்த இடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்துகொண்டார்கள்.

அம்பயர் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனார். குழாய்க்குப் பக்கத்தில், சோப்புக் கிண்ணத்துக்குள் சிவப்பாக ஒன்று கிடந்தது.

"நான்தாங்க எடுத்தேன்," என்றாள் மனைவி, பாத்திரத்திலிருந்து தலையைத் தூக்காமல். "அவன் இருந்தா எடுத்திருப்பான். கை தானா போயிடுச்சு."

வெள்ளிக்கிழமை மறுபடி ஆடினார்கள். மறுபடி பதினொன்று. மனைவி இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். கல் மகளின் பென்சில் டப்பாவில் இருந்தது.

"அம்மா எடுத்தப்போ நீங்க திட்டலயே," என்றாள் மகள். "மாமா வேலைய யாராவது பண்ணணும்ல?"

அம்பயருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கோபம் அவள் மேல் அல்ல, செத்தவன் மேல். அதை அவனிடம் காட்ட முடியாதே.

"மாமா இல்லம்மா. இல்லாதவங்களுக்கு எந்த வேலயும் கெடையாது. அடுத்த ஆட்டத்துல யாரும் கல்லச் சுருட்டக் கூடாது."

மகளின் முகம் சுருங்கிப்போனது. அதற்குப் பிறகு வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டாள். பழைய எட்டு மாதம் திரும்ப வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டது போல இருந்தது. சொல்லியிருக்க வேண்டாம் என்று சொன்ன உடனே தோன்றியது அவருக்கு, ஆனால் சொன்னது சொன்னதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கற்களை ஒரு வெள்ளைத் தட்டில் போட்டு மேசை நடுவில் வைத்தார். எல்லோரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்கள். யாரும் இடத்தை விட்டு எழவில்லை, யாரும் அவர் பக்கம் வரவில்லை. மகள் பச்சைக்காகச் சத்தமில்லாமல் பகடை உருட்டினாள். பாதி ஆட்டத்தில் காலி நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. மூவரும் கேட்டார்கள். மழை ஈரத்துக்கு மரம் முனகும் என்று அம்பயர் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

முடிந்ததும் எண்ணினார். பதினொன்று. கப்பல்களைத் தூக்கி, பலகையைத் தட்டி, மறுபடி எண்ணினார். பதினொன்று.

"சத்தியமா நான் இல்லங்க," என்றாள் மனைவி. மகள் பைகளை வெளியே இழுத்துக் காட்டினாள். "நான் எடுக்கலப்பா." கண்ணில் நீர் கோத்திருந்தது. பொய் சொல்லும் முகம் அல்ல அது.

குறித்துக்கொள்ளப் பேனாவுக்காக அம்பயர் சட்டைப் பைக்குள் கை விட்டார். பேனாவோடு கண்ணாடி உரசியது. வெளியே எடுத்தார். உடம்புச் சூட்டில் கல் வெதுவெதுவென்று இருந்தது.

அவர் எடுக்கவில்லை. எடுத்த ஞாபகமே இல்லை.

"நான்... எடுக்கலயே," என்றார் அம்பயர், இத்தனை வருடமாக அந்த மேசையில் மாட்டிக்கொண்டு விழித்த அதே விழிப்போடு.

மகள் காலி நாற்காலியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவள் வாய் கோணியது.

"என்னப்பா, அம்பயரே இப்படிப் பண்ணலாமா?"

மாமா பேசும் அந்த இழுப்பு அப்படியே இருந்தது. சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள். அம்பயர் கல்லை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கீழே வைக்க மனசு வரவில்லை.

அன்றே எழுதி அனுப்பினார். விதிகள் எளிது, முக்கால் மணி நேரத்தில் முடியும், ஏழு வயதுப் பிள்ளையும் ஆடலாம். பெட்டியில் பன்னிரண்டு கற்கள் உண்டு. ஒன்று குறைந்தால் கம்பெனிமேல் பழி போட வேண்டாம்.

திங்கட்கிழமை காலை ஆசிரியை கூப்பிட்டார். "நல்லா இருக்கு சார். கடைசி வரி மட்டும் பழசு அப்படியே வந்துடுச்சு போல. 'நால்வர்'னு இருக்கு. மூவர்னு மாத்திடவா?"

மேசையில் மகள் நாலாவது ஆட்டத்துக்குப் பலகையை விரித்துக்கொண்டிருந்தாள். பச்சைக் கப்பலை முதலில் வைத்தாள்.

"வேண்டாம் மேடம்," என்றார் அம்பயர். "எண்ணிப் பாத்துத்தான் எழுதினேன்."