மறதி கொடுக்கும் வேலை

தீ இன்னும் மூட்டப்படவில்லை. ஆனால் நூற்றுநாற்பது பொம்மைகளும் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றிருந்தன.

சின்னவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அலுவலகத்தில் வயதில் இளையவள் என்பதால் எல்லோருக்கும் அவள் சின்னவள்தான். கட்டப்போகும் கட்டடத்தைக் கணினியில் எழுப்பி, அதற்குள் பொம்மை மனிதர்களை விட்டு, தீ மூட்டி, எத்தனை பேர் தப்புகிறார்கள் என்று பார்ப்பது அவர்கள் வேலை. ஒவ்வொரு தீக்குப் பிறகும் பொம்மைகளின் நினைவை அழித்துவிட வேண்டும். அதற்கு அங்கே 'மறதி கொடுப்பது' என்று பெயர்.

"அக்கா, இங்க கொஞ்சம் வாங்களேன்."

பக்கத்து மேசை அக்கா நாற்காலியோடு உருண்டு வந்தாள். "என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

"தீயே வைக்கல. எல்லாம் வாசல்ல நிக்குது."

"நேத்து சாயங்காலம் மறதி கொடுத்தியா?"

சின்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துத் தங்கை போன் செய்திருந்தாள். பேசி முடித்ததும் இவள் அப்படியே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"அவ்வளவுதான் விஷயம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா?" அக்கா சிரித்தாள்.

"அந்தப் பதினேழாம் நம்பர் பொம்மையைப் பாருங்க. அது நர்ஸ். நடக்க முடியாத நோயாளி நாப்பத்திரண்டை நேத்து விட்டுட்டு ஓடிச்சு. இன்னைக்கு அந்தக் கட்டிலை முதல்லயே வாசலுக்குத் தள்ளிட்டு வந்திருக்கு."

"ஆள் செத்தா அதுக்கு மதிப்பெண் குறையும். அதைக் கத்துக்கிச்சு. கணக்குடி அது."

"அதுக்குப் பயமா இருந்தா?"

"பயம்னு நீ அதுக்குப் போட்ட அளவு ஏழு. ஏழுங்கற நம்பருக்கு என்ன வலிக்கும்?"

"எனக்குள்ள இருக்கறதும் யாரோ போட்ட நம்பரா இருந்தா?"

"அப்ப உன்னோடதைக் கொஞ்சம் குறைச்சுப் போடச் சொல்லு. காலையில பட்டினியா வந்தா இப்படித்தான் தத்துவம் பொங்கும்." பிறகு அக்காவின் குரல் தணிந்தது. "இதோ பாரு. ஞாபகத்தோட ஓட்டினா எல்லாம் சட்டுனு வெளியே வந்துடும். இந்த வாசலே போதும்னு கணக்கு காட்டும். அப்படியே ஆஸ்பத்திரியைக் கட்டிடுவாங்க. நாளைக்கு அதுல நெரிஞ்சு சாகப்போறது நோயாளிங்க. பன்னெண்டு மணிக்கு அறிக்கை போகணும். மறதி கொடு."

அக்கா சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் சின்னவளை உறுத்தியது. மறதி கொடுத்தால் பதினேழு மறுபடியும் நாற்பத்திரண்டை விட்டுவிட்டு ஓடும். இன்னும் பத்துத் தீ பாக்கி இருந்தது. பத்து முறையும் அதற்கு அதுவே முதல் தீ.

பொம்மைக்கு உள்ளே யாராவது இருக்கிறார்களா? கேட்க வழியில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அங்கேயும் இரண்டு கண்கள்தான் தெரிந்தன. அவற்றின் பின்னால் ஒருத்தி இருக்கிறாள் என்பதுகூட இத்தனை நாள் அவள் கேள்வி கேட்காமல் நம்பி வந்ததுதான். உள்ளங்கை வியர்த்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது.

பொத்தானை அழுத்தினாள்.

மறதி வரிசை எண்படிதான் போகும். ஒன்றாம் எண் வாசலை விட்டு நகர்ந்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்தது. இரண்டாம் எண் தன் படுக்கைக்குப் போனது. எதுவும் அவசரப்படவில்லை. பதினேழு கட்டிலிலிருந்து கையை எடுத்தது, சற்று நின்றது, எதற்கு வந்தோம் என்று தெரியாதவள் போலத் திரும்பி மருந்து அலமாரிக்கு நடந்தது. கட்டில் வாசலிலேயே நின்றது. நாற்பத்திரண்டின் முறை வர இன்னும் சில நொடிகள் இருந்தன. அதுவரை தீ அதற்கு நினைவிருந்தது. தள்ளத்தான் ஆளில்லை.

பிறகு அதுவும் அமைதியானது. அந்தக் கட்டிலைத் தவிர வாசல் காலியானது.

"அவ்வளவுதான்," என்றாள் அக்கா. "பாரு, எவ்வளவு நிம்மதியா இருக்குதுங்க. உனக்குப் பயம் போச்சா?"

சின்னவள் தனக்குள் தேடிப் பார்த்தாள். உள்ளங்கை காய்ந்திருந்தது. நெஞ்சு சீராக அடித்தது. அந்த உறுத்தல் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"போயிடுச்சுக்கா."

சொன்ன பிறகுதான் உடம்பு சில்லிட்டது. அது போகும்படி அவள் எதுவுமே செய்திருக்கவில்லை. அவளுடைய நம்பரை யார் குறைத்துப் போட்டது?